மணல் சட்டியில் ஒரு பேட்டரி

“போன மாசம் வயர் மாத்திக் குடுத்தேனே அய்யா, அந்தச் சார்ஜர் ஓடுதா?”

கடைக்குள் நுழைந்த தண்டாயுதபாணியிடம் சிவபிரகாஷ் கேட்டான். ரிமோட் விமானம், கார் எல்லாம் பழுது பார்க்கும் சின்னக் கடை அது. “ஓடுது, ஓடுது” என்று அவசரமாகச் சொன்ன பெரியவர், வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வண்டியிலிருந்து இறக்கிய மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் மனைவி சொர்ணலட்சுமி பின்னால் வந்தார். சட்டி நிறைய மணல், நடுவில் ஒரு விமானப் பேட்டரி. சிவபிரகாஷ் போனில் சொன்னபடியே எரியோட்டு வீட்டிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பியிருந்தது அது.

“என்னன்னு பாத்துச் சொல்லுங்க தம்பி. ஆனா, சார்ஜை மட்டும் எறக்கிராதீங்க” என்றார் தண்டாயுதபாணி.

சிவபிரகாஷுக்கு எரிச்சல் வந்தது. உப்பிய பேட்டரியை விட மனசில்லாமல் மல்லுக்கட்டும் ஆட்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். ஊசியால் குத்திக் காற்றை எடுத்துக் கொடுக்கச் சொன்ன புத்திசாலிகளும் உண்டு.

“உள்ள இருக்குறது கேஸு அய்யா. லேசா குத்துப்பட்டாப் போதும், தீப்பிடிச்சிரும். தண்ணி ஊத்துனாலும் லேசுல அடங்காது. பல்பை மாட்டி மொத்தச் சார்ஜையும் எறக்கி, வயருக்கு டேப் சுத்தி, மின்குப்பை எடுக்குறவங்ககிட்டக் குடுத்துறணும். நீங்க புதுசு போட்டுக்கங்க.”

“புதுசு எனக்கெதுக்கு? நான் என்ன பிளேனா விடப்போறேன்?”

“பெறகு எதுக்கு இதக் கட்டிக்கிட்டு அழுகுறீங்க?”

பெரியவர் சட்டியிலிருந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம் மகன் தனுஷ் போட்ட சார்ஜு தம்பி. மறுநா குளத்தங்கரையில பிளேன் விடணும்னு ராத்திரியே ஃபுல்லா போட்டு வச்சான். விடிஞ்சதும் றெக்கைக்குப் பசை வாங்க வேடசந்தூருக்கு வண்டியில போனவன், திரும்பி வரல. ரெண்டு வருசம் ஆகப்போகுது. தெனம் காலையில இதுல மீட்டரை மாட்டிப் பாப்பேன். பச்சை லைட்டைப் பாத்தபெறகுதான் எனக்குக் காப்பித்தண்ணி எறங்கும்.”

தான் பேசிய பேச்சு சிவபிரகாஷுக்கு நெஞ்சில் உறுத்தியது. மீட்டரை எடுத்து மாட்டினான். முழுப் பச்சை.

அவனுக்குக் குழப்பமாக இருந்தது. யாரும் தொடாத பேட்டரியில் இரண்டு வருடம் இவ்வளவு சார்ஜ் நிற்காது. யாரோ விடாமல் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எந்நேரமும் முழுச் சார்ஜில் வைத்திருந்ததால்தான் இது உப்பியே போயிருக்கிறது.

“இதுக்கு யாராச்சும் மறுபடியும்...” என்று தொடங்கியவன், சொர்ணலட்சுமியைப் பார்த்ததும் நிறுத்தினான். கணவரின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி அவனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தது யாரென்று சிவபிரகாஷுக்குப் புரிந்துவிட்டது. “நல்ல பேட்டரி அய்யா. உங்க மகன் போட்ட சார்ஜு அப்படியே நின்னுருக்கு” என்று கூசாமல் பொய் சொன்னான். பிறகு மெதுவாக, “ஆனா இனி வீட்டுல வைக்க முடியாது. அம்மா தூங்கையில பக்கத்துல பத்திக்கிச்சுன்னா என்ன செய்வீங்க?” என்றான்.

பெரியவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “அவளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. எறக்கிருங்க” என்றார்.

கடைக்குப் பின்னால் திறந்த வெளியில் சட்டியை வைத்து, ஒரு கார் பல்பை மாட்டினான். பளிச்சென்று எரிந்தது. இருவரும் தள்ளி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரம் போகப் போக வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, கம்பி மட்டும் கொஞ்சம் தெரிந்து, அதுவும் அணைந்தது.

சொர்ணலட்சுமி வாய்விட்டு அழுதார். அழுது முடித்து, முகம் கழுவக் குழாயடிக்குப் போனார்.

பெரியவருக்கு உண்மை தெரியாமலே போகட்டும் என்று சிவபிரகாஷ் நினைத்துக்கொண்டான். நல்ல காரியம் செய்த திருப்திகூட அவனுக்கு இருந்தது. அப்போது தண்டாயுதபாணி அவன் கையைப் பிடித்தார். குழாயடியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லிராதீங்க தம்பி. புள்ளைக்குன்னு அவ செய்ய மிச்சம் இருந்தது இந்தச் சார்ஜு ஏத்துற வேலை ஒண்ணுதான். அதுக்குத்தான் அந்தச் சார்ஜரை நான் சரிபண்ணி வாங்கிட்டுப் போனேன்.”