இடக்கைக் களிம்பு

சன்னலோர மேசையில் மகளின் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டுகிறாள் அம்மா. தோல்நோயின் செதில் உதிர்ந்து இரண்டுமே பளிச்சென்று இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்கவென்று இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்றாகத் தந்த களிம்புக் குழாய்களில் எதில் மருந்து, எது வெறும் களிம்பு என்பது ஆராய்ச்சி மருத்துவருக்கே தெரியாது. அவர் குழாய்களை எடை போடுகிறார். இடக்கைக் குழாய் ஏறக்குறையக் காலி; வலக்கைக் குழாய் பாதிகூடக் குறையவில்லை. “இடக்கைக் களிம்பையே ரெண்டுலயும் தடவினீங்களாம்மா?” “ஒரு கை ஆறி, ஒரு கை ரத்தமா கிடந்தா பெத்தவ சும்மா இருப்பேனா டாக்டர்?” அம்மா பெருமையாகச் சிரிக்கிறாள். “அப்படிச் செஞ்சா ஆராய்ச்சியிலேருந்து நீக்கிடணும்மா. தடவறதை நிறுத்தினா செதில் திரும்ப வரும், ஆனா இனிமே களிம்பு தர முடியாது. கடையிலயும் கிடைக்காது.” மகள் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொள்கிறாள். மருத்துவர் நிமிராமல் குழாய்களை உறையிலிட்டு ஒட்டுகிறார். இடக்கைக் குழாயிலிருந்து தராசுத் தட்டில் கசிந்த துளியைச் சுண்டுவிரலால் வழித்தெடுத்த அம்மா, எந்தக் கையில் தடவுவதென்று தெரியாமல் நிற்கிறாள்.