எந்தக் கால்?

“மெதுவா வாங்க அத்தை,” என்று வாயால்தான் சொன்னாள் மருமகள். மனசுக்குள், ‘என்னமா நடிக்கிறாங்க!’

காலையில்தான் ஸ்டூலில் ஏறி, பரண்மேல் கிடந்த பெரிய பெட்டியைத் தனியாளாக இறக்கி வைத்தார் மாமியார். இப்போது டாக்டர் அறைக்குள் இடது காலை இழுத்து இழுத்து நொண்டுகிறார்.

மகன் வருகிறேன் என்றதற்கும், “நீ வேணாம்டா, அவதான் வரணும்,” என்று ஒரே பிடிவாதம். துணிக்கடையில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வந்திருந்தாள் மருமகள்.

“எங்கம்மா வலி?” என்று கேட்டார் டாக்டர்.

“இடுப்புல ஆரம்பிச்சு, பின்தொடை வழியா சுண்டுவிரல் வரைக்கும் சுர்ருனு இழுக்குது டாக்டர். இருமினா உயிர் போகுது. பாதத்தோட வெளிப்பக்கம் மரத்தே போச்சு. எம்பி நின்னு மேல் தட்டுல இருக்கற துணியை எடுக்க முடியல.”

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவளுடைய வலி! போனில் தன் அம்மாவிடம் சொல்லி அழுதது, ஒரு வார்த்தை பிசகாமல். டாக்டரிடம் போனால் நின்றபடி பார்க்கும் வேலையை விடச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, மாத்திரையை விழுங்கி மறைத்து வைத்திருந்தாள்.

ஒட்டுக் கேட்டதும் இல்லாமல், வலியிலுமா போட்டி? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் மாமியாரைப் படுக்க வைத்து, இடது காலை நீட்டியபடியே மெல்லத் தூக்கினார். ஒரு சாண்கூட உயரவில்லை.

“ஐயோ! போச்சு! போச்சு!”

“சரி, எழுந்து காலைத் தொங்கப் போட்டு உட்காருங்க. பாதத்தைப் பார்க்கறேன்.” பாதத்தைப் பார்க்கிற சாக்கில் அதே காலை நேராக நீட்டிப் பிடித்தார்.

“உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா டாக்டர்?” என்று சாவகாசமாக விசாரித்தார் மாமியார்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ரப்பர் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டினார். பாதம் ஜம்மென்று துள்ளியது.

“கொஞ்சம் நடந்து காட்டுங்க.”

மாமியார் இறங்கி நொண்டினார். இந்த முறை வலது கால்!

“வரும்போது இடது கால்தானே இழுத்துச்சு?”

மாமியார் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். மருமகளுக்கு மானம் போனது. வீட்டில்தான் என்றால் இங்கேயுமா!

“நீங்க சொன்ன வலி பொய்யில்லம்மா. இவ்வளவு கச்சிதமா யாரும் கற்பனையில சொல்ல முடியாது,” என்றார் டாக்டர். “ஆனா அது உங்க கால்ல இல்ல. இது யாரோட வலி?”

மாமியார் விறுவிறுவென்று போய்க் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

“நீ படும்மா.”

“எனக்கு ஒண்ணுமில்ல அத்தை...”

“இதே பாட்டுதான் டாக்டர்! என்ன வலின்னு கேட்டுக் கேட்டு என் தொண்டை வத்திப் போச்சு. கடையில நின்னு பார்க்கற வேலை போயிடுமோன்னு பயம் இவளுக்கு.”

வேறு வழியில்லாமல் மருமகள் படுத்ததும்தான் மாமியார் கதவை விட்டு நகர்ந்தார். டாக்டர் இடது காலைத் தூக்கியதும் கண்ணில் பொறி பறந்தது. கைக்குக் கிடைத்ததை இறுக்கிப் பிடித்தாள். சுத்தியல் தட்டியது, பாதம் அசையவே இல்லை.

“இடுப்புல நரம்பு அழுந்திக்கிட்டிருக்கு. நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க,” என்றார் டாக்டர். “மருந்து, பயிற்சின்னு ஆரம்பிக்கலாம். வேலையை விட வேணாம், உட்கார்ந்து பார்க்கற மாதிரி மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க. நான் எழுதித் தரேன்.”

அப்போதுதான் மருமகள் கவனித்தாள், தான் பிடித்திருந்தது மாமியாரின் கையை. வெட்கத்திலும் நன்றியிலும் கண் கலங்கிவிட்டது.

“என்னை மன்னிச்சிடுங்க அத்தை...”

“அதெல்லாம் அப்புறம், நீ கொஞ்சம் தள்ளிப் படு,” என்றார் மாமியார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. “உன்னை இங்க கூட்டிட்டு வர ஒரு வாரமா நொண்டினதுல, எனக்கு நிஜமாவே பிடிச்சுக்கிச்சு!”