விரலிடைத் தோல்

"வேளை வந்ததும் விலகிக்கொள்ளும் உயிரணுவே உத்தமமானது!" என்று, ஓய்வை மூன்று முறை தள்ளிப்போட்ட பேராசிரியர் வினாயகமூர்த்தி களுதாவளைக் கோயில் மண்டபத்தில் முழங்கினார். "கருவில் நம் விரல்களுக்கிடையே தோல் இருந்தது. அந்த உயிரணுக்கள் பணிவோடு செத்ததால்தான் விரல்கள் பிரிந்தன. சாக மறுப்பவை புற்றுநோயாகின்றன."

உதாரணம் காட்ட வலக்கையை விரித்தார். விரல்களுக்கிடையே, காலையில் இல்லாத தோல் நகம்வரை படர்ந்திருந்தது. சட்டென்று சால்வைக்குள் மறைத்துக்கொண்டார்.

பூசையில் எல்லோர் விரலிடுக்கிலும் தீர்த்தம் ஒழுகியது. அவர் கையில் அப்படியே நின்றது.

அன்னதானப் பந்தியில் மனைவி அன்னப்பூரணி குனிந்து, "என்னப்பா, சோத்தில கை வைக்காம இருக்கீங்க? சனம் பாக்குது" என்றாள்.

"கரண்டி ஒண்டு வாங்கித்தா."

"கரண்டி இல்லயாம். பாயாச அகப்பைதான் கிடக்கு."

"மெல்லமாப் பேசு. அதைக் கொண்டா."

பேராசிரியர் அன்று சோறு தின்றது அகப்பையால்.