எண்பதுக்குக் கீழே

கஸ்தூரி இரண்டு கைகளையும் இலைக்குக் குறுக்கே வைத்து மறித்தாள்.

"மூணு தடவ வேணாம்னு சொல்லிட்டேன், ஷர்மினி."

தம்பி பெண்டாட்டி நகரவில்லை. பாயச வாளியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, கரண்டியை நீட்டியபடி நின்றாள்.

புரட்டாசிக் கடைசிச் சனி. மலேசியாவின் ஸ்கூடாயில் தம்பி ஜீவன் வீட்டில் பெருமாளுக்குப் படையல். காரை வெளியே எடுத்துவிட்டு, அது நிற்கிற இடத்தில் மேசை போட்டுப் பந்தி நடந்தது.

"சாமி சோறும்மா. ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுலா," என்றார் பக்கத்து இலையிலிருந்த ராஜசேகரன் பெரியப்பா.

கஸ்தூரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் வருஷம் முழுக்க ஒரு நாள்தான். தொழிற்சாலையில் சூப்பர்வைசருக்குப் பிறந்த நாள், ஒரு நாள். பக்கத்து வீட்டு நுஸ்ரத் மகளுக்கு நிச்சயம், அதுவும் ஒரு நாள். கூட்டிப் பார்த்தால் தன் இடுப்புதான் மிச்சம்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிறார்கள். எண்பது கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைக்கும்.

ஜீவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. சொந்தத்தில் எல்லாரையும் சோதித்ததில் அக்காவுடையது ஒன்றுதான் பொருந்தியது. இந்த உடம்போடு உங்களை அறுத்தால் உங்களுக்கே ஆபத்து, இளைத்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லி ஏழு மாதம் ஆகிறது.

தொண்ணூற்றிரண்டில் தொடங்கினாள்.

இரவு ஷிப்டு முடித்து, வீங்கின காலோடு பூங்காவை ஆறு சுற்றுச் சுற்றினாள். சீனிப்பால் ஊற்றிய தே தாரிக் டீயைத் தலைமுழுகினாள். எண்பத்தொன்று வரைக்கும் இறங்கிய முள், அங்கேயே பிடிவாதமாக நின்றுவிட்டது.

புரட்டாசி பிறந்ததும், ஒரு மாதம் சைவம்தானே, தானாக இளைத்துவிடும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையைச் செருப்பால் அடிக்க வேண்டும். மீனும் கோழியும் போன இடத்தில் வடையும் அப்பளமும் உருளைக்கிழங்குப் பொரியலும் வந்து உட்கார்ந்தன. சாண் ஏறினால் முழம் சறுக்கிய கதையாக எண்பத்து மூன்று. பத்து நாள் அரைப் பட்டினி கிடந்து, இன்று காலையில்தான் மறுபடி எண்பத்தொன்றைப் பார்த்தாள்.

எல்லார் மேலும் எரிந்து விழுந்தாகிவிட்டது. தம்பியிடம் மட்டும் முடியவில்லை.

டயாலிசிஸ் முடிந்து வருகிற நாளெல்லாம், முகம் வெளுத்துப்போய், அவள் வீட்டுக் கேட்டில் ஒரு பொட்டலத்தை மாட்டிவிட்டுப் போவான். நெய்த்தோசை, இல்லாவிட்டால் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக். 'ஆபரேஷனுக்குத் தெம்பு வேணும்க்கா' என்பான். நிற்கவே முடியாதவன் ஆசையாக வாங்கி வருவதைக் குப்பையில் போட எந்த அக்காவுக்குக் கை வரும்? தின்றாள். தின்றுவிட்டு அழுதாள்.

ஆனால் இவள்? கட்டின பெண்டாட்டி. புருஷன் பிழைப்பது நாத்தனார் எடையில்தான் இருக்கிறது என்று தெரிந்தும் கரண்டியை நீட்டுகிறாளே. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"ஒனக்குப் புருஷன் வேணுமா, வேணாமா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

ஷர்மினி அழவில்லை. இன்னும் குனிந்தாள். கிட்டே வந்த முகத்தில் இருந்ததும் கோபம்தான்.

"அவருதான் ஊத்தச் சொன்னாரு, அண்ணி. ஒங்க வீட்டுக்காரரும் போய்ச் சேந்துட்டாரு, ஒங்களுக்கும் ஏதாச்சும் ஆயிட்டா ஒங்க ரெண்டு பொம்பளப் புள்ளைங்களுக்கு யாரு இருக்கான்னு கேக்குறாரு. ஒங்க கிட்னி வேணாம்னு நேரா சொன்னா நீங்க கேக்க மாட்டீங்களாம். எடை கொறையலன்னா டாக்டரே வேணாம்னு சொல்லிருவாராம்."

கஸ்தூரி நிமிர்ந்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஜீவன் உட்கார்ந்திருந்தான். வருகிறவர்களை வரவேற்கிற சாக்கு. பார்வை முழுக்க இந்த இலையின் மேல்தான்.

ஏழு மாதத் தோசையும் ஒன்றாக நெஞ்சில் வந்து அடைத்தது. திருட்டுப் பயல். என் உடம்பு, என் பிள்ளைகள், எல்லாவற்றையும் யோசித்துத்தானே சரி என்றேன். சாவதற்கு இவனுக்கு யார் அனுமதி கொடுத்தது? எழுந்துபோய் அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்தால் விழுந்துவிடுவான்.

"கைய எடுங்க அண்ணி. பாத்துக்கிட்டே இருக்காரு."

பெரியப்பா அப்பளம் நொறுக்குவதில் மும்முரமாக இருந்தார். கஸ்தூரி கையை எடுத்தாள்.

ஷர்மினி புருஷனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பாயசத்தை வாளிக்குள்ளேயே சாய்த்துவிட்டு, வெறும் கரண்டியை இலைமேல் கவிழ்த்தாள்.

இலையில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் ஜீவன் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து ஏழு மாதம் ஆகிறது. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கஸ்தூரி வெறும் விரலை நக்கினாள்.

"இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து, ஷர்மினி," என்றாள், அவன் காதில் விழும்படி.