படச் சுவர்

"கைய எடு அந்தப் படத்துல இருந்து."

கட்டிங் அக்கா கத்தரிக்கோலும் கையுமாக வந்து நின்றாள். தையல் ஃபேக்டரியின் மூன்றாவது மாடியில் அத்தனை மெஷினும் கப்சிப்.

சுவரில் பதினாலு பெண்களின் படங்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே மாடியில் தீப்பிடித்தபோது செத்துப்போனவர்கள். அதில் ஒருத்தி அக்காவின் தங்கை. தங்கைக்குப் பதிலாகக் கிடைத்த வேலைதான் அக்காவுக்கு. அன்றிலிருந்து இந்தப் படங்களைத் துடைக்காமல் ஒரு நாளும் அவள் கத்தரியைத் தொட்டதில்லை.

சங்கத்துப் பொண்ணு அதற்குள் சம்மட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஆறு படங்களைக் கழற்றிக் கீழே வைத்திருந்தாள். ஆறாவது படம் அவளுடைய அம்மா.

"பெத்தவ படத்தையே தரையில வெக்கிறியே, உனக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"ரெண்டாவது வாசல் வெச்சே ஆகணும்னு கோர்ட்டுல ஆர்டர் வாங்கியாச்சுக்கா. அறுபது பேருக்கு ஒரே மாடிப்படி. நாளைக்கு ஒண்ணுன்னா உன் மகளும்தான் இங்க மாட்டிக்குவா."

காஜா மெஷினில் இருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுக்கு வேற சுவரே கிடைக்கலியா?"

"நல்லாக் கேளும்மா," என்று மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "எங்க வேணா உடைங்க, இது மட்டும் வேணாம்னு தலைதலையா அடிச்சுக்கிறேன். பாவம், அவங்க எல்லாரும் இந்த இடத்துலதான் கிடந்தாங்க. அந்த வாரமே முதலாளி பூசி, வெள்ளையடிச்சு, படம் மாட்டினார். வருஷா வருஷம் அவரே வந்து பூ வெக்கிறார். அந்த மரியாதையக் கெடுக்கலாமா?"

"மாடிப்படி அந்தக் கோடியில இருக்கு," என்றாள் சங்கத்துப் பொண்ணு. "தீப்பிடிச்சப்போ பதினாலு பேரும் எதுக்குக்கா இந்த மொட்டைச் சுவரைப் பார்த்து ஓடி வந்தாங்க?"

அக்கா மேனேஜரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அக்கா கத்தரியை மகளிடம் கொடுத்தாள். தங்கையின் படத்தைத் தன் கையாலேயே கழற்றி, துடைத்து, மேசைமேல் வைத்தாள். மீதி ஏழையும் இறக்கினாள்.

"அடிம்மா."

மேனேஜர் குறுக்கே வந்தார்.

"நகருங்க சார்," என்று அக்கா அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

சம்மட்டி இறங்கியது. நாலாவது அடியில் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்து, செங்கல் பெயர்ந்தது. பின்னால் கருகிப்போன இரும்புக் கதவு.

அதில் ஒரு பெரிய பூட்டு, பூட்டினது பூட்டினபடியே தொங்கியது.