சோப்புக்கு வந்த சிவப்புப் புள்ளி

கடைப்பொருள்கள் எப்படித் தயாராகின்றன என்று விசாரித்து, வாங்குவோருக்கு எடுத்துச் சொல்லும் நுகர்வோர் சங்கம் அது. அன்று காலை ஒரு ஃபேக்டரி முதலாளியின் சோப்புக்குச் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டது. ‘வாங்காதீர்கள். இதைக் காய்ச்சுகிறவர்களின் கை வெந்துபோகிறது.’

முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். கடைகள் ஒவ்வொன்றாகச் சரக்கைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன.

“கையுறை வாங்காம விட்டது, காரத் தொட்டியில அந்தப் பொண்ணு கை வெந்தது, எல்லாத்தையும் புட்டுப்புட்டு வச்சிருக்காங்க. கூட இருந்தே எவனோ குழி பறிச்சிருக்கான்!”

“யாரைச் சந்தேகப்படறீங்க?” என்றாள் மனைவி.

“மேனேஜரைத்தான். அந்தப் பொண்ணு வாயை அடைச்சாச்சு. மிச்சம் அவன் ஒருத்தன்தானே? இப்பவே வேலையை விட்டுத் தூக்கறேன்.”

செல்போனை எடுத்தார். மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

“பாவம், அவரை விட்டுடுங்க. சங்கத்துக்குச் சொன்னது நான்.”

அவர் திகைத்துப்போனார். “நீயா? ஃபேக்டரி வாசலைக்கூட நீ மிதிச்சதில்லையே. உனக்கு யார் சொன்னா?”

“நீங்கதான்.”

“நானா? நான் மூச்சே விடலையே!”

“முழிச்சிருக்கும்போது விடலை. தூக்கத்துல தினம் அழறீங்க. ‘கையுறை வாங்காம விட்டேனே, காரத் தொட்டியில அந்தப் பொண்ணு கை, அந்தப் பொண்ணு கை’ன்னு. என்னால கேட்டுக்கிட்டுப் படுத்திருக்க முடியலை.”

நடந்துகொண்டிருந்தவர் உட்கார்ந்துவிட்டார். செல்போனில் மேனேஜரை அழைத்தார்.

“யோவ், அந்தப் பொண்ணு வீடு எங்கய்யா இருக்கு?”