பெரட்டுக்களத்தில் கெட்டிமேளம்

"பாட்டை நிறுத்துங்க ஐயா! வேலாயிக்கு சாமி வந்திருச்சு!"

கணக்கப்பிள்ளை அமிர்தநாதன் ஓடிப்போய் இசைத்தட்டின் மேலிருந்த ஊசியைத் தூக்கினார். அம்மன் பாட்டு நின்றது. வேலாயி நிற்கவில்லை. பெரட்டுக்களத்தின் நடுவே தலையை விரித்துப்போட்டு ஆடியபடி, நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தில் இரண்டு றாத்தலைக் குறைக்கும்படி அருள்வாக்குக் கொடுத்தாள்.

"சாமி நாயமாத்தான் கேக்குது" என்றாள் பக்கத்தில் நின்ற பூரணி.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடும் அந்தக் களம் ஒரு வாரமாக இப்படித்தான் இருந்தது. தோட்டத்தை நடத்தும் பெரியதுரை அமிர்தநாதனைக் கூப்பிட்டு உத்தரவு போட்டிருந்தார். "டாக்டர் சொல்லிட்டாரு. தெனமும் காலையில தேகப்பயிற்சி நடக்கணும். பாட்டோட செஞ்சா அலுப்புத் தெரியாதாம். பாட்டுக்கு நீதான் பொறுப்பு."

அமிர்தநாதன் மஸ்கெலியாவிலிருந்து ஒலிபெருக்கியும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளும் கொண்டுவந்து இறக்கினார். இருநூறு பேர் கூடைகளை ஓரமாக வைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள்.

"நாங்கதான் தெனமும் மலை ஏறி எறங்குறோமே, அது பயிற்சி இல்லீங்களா ஐயா?" என்று பூரணி கேட்டாள்.

"அதுக்குப் பாட்டு இல்லையே" என்றார் அமிர்தநாதன்.

மாதக் கடைசியில் டாக்டர் நேரில் வந்து பார்ப்பார். அதற்குள் பலன் தெரியாவிட்டால் அமிர்தநாதனுக்கு மலை உச்சியிலிருக்கும் மேல்பிரிவுக்கு மாற்றம் என்று துரை சொல்லியிருந்தார். மேல்பிரிவில் அட்டைக்கடி உண்டு, பஸ் கிடையாது. அவர் கட்டிக்கொள்ள இருந்த பவுலினின் அப்பாவோ, "பஸ் போகாத எடத்துக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஆகவே அமிர்தநாதனின் கல்யாணம் ஒரு நல்ல பாட்டை நம்பி இருந்தது.

வேலாயி ஆடிய மறுநாள், மாதா கோயில் ஞாயிற்றுப் பூசைப் பாடலைப் போட்டார். வரிசையில் பாதிப் பேர் முழங்காலில் நின்றார்கள். 'கையைத் தூக்கு' என்று கத்த வேண்டிய அமிர்தநாதனும் கைகூப்பி அவர்களோடு நின்றார்.

அதற்கடுத்த நாள் பாண்டு வாத்தியம். வரிசை அருமையாக நடந்தது. களத்தைத் தாண்டியும் நடந்தது. பழனியாண்டி கங்காணி குறுக்குப் பாதையில் ஓடிப்போய் மறித்தபோது, முன்வரிசை ஆட்கள் மஸ்கெலியா பஸ்ஸில் சீட்டுப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பாட்டு நிக்கலியே, நாங்க எப்படி நிக்கிறது?" என்றார்கள்.

சோகமான சினிமாப் பாட்டையும் போட்டுப் பார்த்தார். அன்று எல்லோரும் அழுதார்கள். கங்காணி கொஞ்சம் கூடுதலாக அழுதார்.

துரை இதையெல்லாம் பங்களா வராந்தாவிலிருந்து பார்ப்பார். அந்தியானால் ஸ்டோருக்குப் போய், தேயிலைப் பெட்டி நிறுக்கும் தராசில் தானே ஏறி நிற்பார். தராசில் கள்ளம் இருக்கிறதா என்று சோதிக்கிறாராம், வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா விளக்கம் சொன்னார். முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, துரை பங்களாவுக்குத் திரும்பிவிடுவார்.

கடைசியில் பூரணிதான் வாயைக் கொடுத்தாள். "கல்யாண மேளம் இருந்தாப் போடுங்க ஐயா. ஒங்க கல்யாணம் நடக்குற மாதிரித் தெரியல, மேளத்தையாவது கேட்டுக்கிறோம்."

அமிர்தநாதன் கோபத்தோடு அதையே எடுத்துப் போட்டார். நாதஸ்வரம் இழுத்துக்கொண்டிருந்தவரை ஒருவரும் அசையவில்லை. திடீரென்று கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை போட இருநூறு கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின.

அமிர்தநாதன் ஊசியைப் பின்னுக்குத் தள்ளினார். மறுபடி கெட்டிமேளம், மறுபடி கைகள். பூசைப் பாட்டுக்கு முழங்காலில் நின்றவர்களும் போட்டார்கள். பக்கத்து லயத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாதவர் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள்?

"குனிஞ்சு அரிசி எடு! நிமிர்ந்து போடு! மாப்பிள்ளை தூரத்துல நிக்கிறாரு, இன்னும் வீசிப் போடு!" என்று கத்தினார் அமிர்தநாதன்.

அன்று முதல் தினமும் முகூர்த்தம். யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாதம் முடிவதற்குள் வேலாயியின் இடுப்புவலி போய்விட்டது. கங்காணி பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார்.

சொன்னபடி டாக்டர் முத்துலிங்கம் ஹட்டனிலிருந்து வந்து சேர்ந்தார். அமிர்தநாதன் பிசகில்லாமல் கெட்டிமேளத்தை முழக்கிக் காட்டிவிட்டு, தீர்ப்புக் கேட்க வராந்தா ஓரமாக வந்து நின்றார். பவுலினின் முகம் ஒருமுறை கண்ணுக்குள் வந்து போனது.

டாக்டர் களத்துக்கு இறங்கவில்லை. துரையின் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார்.

"போன மாசத்தைவிடக் கூடியெல்லே இருக்கு. நான் உங்களுக்குச் சொன்ன எக்ஸசைஸ் ஒழுங்கா நடந்ததோ?"

"ஒரு நாள்கூட விடல டாக்டர்." துரை திரும்பி அமிர்தநாதனை முறைத்தார். "பாட்டு சரியில்லையோ?"

அமிர்தநாதன் டாக்டரின் வாயையே பார்த்தார்.

"பாட்டிலே ஒரு பிழையும் இல்லை. இங்க இருந்தபடி நானே ரெண்டுதரம் கையை வீசிப்போட்டன்" என்றார் டாக்டர்.

அமிர்தநாதனுக்கு மூச்சு வந்தது. துரை களத்தில் நின்ற இருநூறு பேரையும் வரிசை வரிசையாகப் பார்த்தார். தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"அப்ப ஆள் பத்தலையா, டாக்டர்?"